ஜன்னல் வழியே வரும் வெளிச்சம்: சட்டம் எதைக் காக்கிறது?

பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த பக்கத்து மனையில் ஒருநாள் வானம் தோண்டுகிறார்கள். சில மாதங்களில் தூண்கள் எழும்புகின்றன. பகலில் விளக்குப் போடாமலே சமைத்துப் பழகிய அறையில் இனி எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பது வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்த நேரத்தில் அவர் காதில் இரண்டு விதமான பேச்சு விழும். சூரிய வெளிச்சம் எல்லோருக்கும் பொது, அதை மறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பார் ஒருவர். அவர் மனை, அவர் காசு, எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டுவார் என்பார் இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் வந்த நாடுகள் பலவற்றில், குறிப்பிட்ட ஒரு ஜன்னலுக்கு, குறிப்பிட்ட ஒரு கால அளவுக்குப் பிறகு, போதுமான அளவு வெளிச்சம் வரும் உரிமை உண்டு. இந்த உரிமை ஜன்னலைச் சார்ந்தது, மனையைச் சார்ந்ததல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் மனைக்கு நேர் மேலேயிருந்து செங்குத்தாக விழும் வெளிச்சமும் காற்றும் உங்களுக்கு இயல்பாகவே உரியவை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் 7-ஆம் பிரிவில் இதை ஓர் எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. ஆனால் சுவரில் உள்ள ஜன்னலுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. அப்படி வரும்போது அது அடுத்தவருடைய மனைக்கு மேலே உள்ள வெளியைக் கடந்துதான் வர முடியும். ஆகவே 'என் ஜன்னலுக்கு வெளிச்சம் வேண்டும்' என்று கேட்பது, 'உன் நிலத்தில் இந்த உயரத்துக்கு மேல் கட்டாதே' என்று கேட்பதற்குச் சமம். ஒருவருடைய சொத்தின் நன்மைக்காக இன்னொருவருடைய சொத்து சுமக்கும் இத்தகைய பாரத்தைச் சட்டம் வசதியுரிமை என்கிறது. பத்திரங்களின் மொழியில் இது பாத்தியம். நடைபாதைப் பாத்தியம், நீர் செல்லும் பாத்தியம் போன்றவற்றின் வரிசையில்தான் வெளிச்சப் பாத்தியமும் வருகிறது.

வரிசை ஒன்றுதான் என்றாலும் தன்மை வேறு. நடைபாதைப் பாத்தியம் கோருபவர் அடுத்தவர் நிலத்தில் உண்மையாகவே நடந்து போகிறார். நிலத்தின் சொந்தக்காரர் அதைக் கண்ணால் பார்க்கிறார். பிடிக்கவில்லை என்றால் வேலி போடலாம். வெளிச்சப் பாத்தியம் கோருபவரோ அடுத்தவர் நிலத்தில் ஒன்றுமே செய்வதில்லை. தன் சுவரில் ஜன்னல் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் இருக்கிறார், அவ்வளவுதான். காலி மனைக்காரருக்கு அதை எதிர்த்து வழக்குப் போடக் காரணமே கிடையாது. இப்படி எந்தச் சத்தமும் இல்லாமல் ஆண்டுகள் கழிந்து, ஒருநாள் அந்த மனையின் மதிப்பையே குறைக்கும் உரிமையாக அது எழுந்து நிற்கிறது. நீதிமன்றங்கள் இந்த உரிமையை அங்கீகரிக்கும்போதும் அளந்து அளந்தே அங்கீகரிப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். காலி மனைக்காரருடைய பக்கத்தையும் மனத்தில் வைத்துப் படித்தால்தான் இந்தச் சட்டத்தின் நியாயம் புரியும்.

இது புதிய சிக்கலும் அல்ல. பழைய ரோமானியச் சட்டத்திலேயே, பக்கத்துக்காரர் உயரக் கட்டக்கூடாது என்றும், வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்றும் தனித்தனிப் பாத்தியங்கள் இருந்தன. வெயிலுக்காகவே அமைக்கப்பட்ட அறைக்கு முன்னால் மரம் வைத்து நிழல் விழச் செய்வது அத்தகைய பாத்தியத்தை மீறுவதாகும் என்று உல்பியன் என்ற சட்ட அறிஞர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலோ தொடக்கம் வேறு விதமாக இருந்தது. 1587-இல் வந்த ஒரு வழக்கில், 30, 40 ஆண்டுகளாக இருந்த ஜன்னலானாலும் பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்தில் கட்டி அதை மறைக்கலாம் என்றே தீர்ப்பானது. எல்லையை ஒட்டி வீடு கட்டியது கட்டியவரின் தவறு என்பது அன்றைய பார்வை. பிறகு மெல்ல மெல்ல நீண்டகால அனுபவத்துக்கு மதிப்பு வந்தது. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுகள் என்று எல்லை வகுத்தது. லண்டனின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் ஜன்னலுக்குக் கீழே 'பழைய வெளிச்சங்கள்' என்ற பொருளில் பலகை மாட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். இந்த ஜன்னலுக்கு உரிமை உண்டு, மறைத்துக் கட்டாதே என்று பக்கத்து மனைக்காரருக்கு விடுக்கும் அறிவிப்பு அது.

இந்த உரிமை மூன்று வழிகளில் கைக்கு வரலாம். முதலாவது, எழுதிக் கொடுப்பது. பக்கத்துக்காரர் ஒரு பத்திரம் மூலம் தன் நிலத்தில் இன்ன உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் அதில் தகராறுக்கு இடம் குறைவு. இரண்டாவது, விற்பனையின்போது சொல்லாமலே சேர்ந்து வருவது. ஒரே உரிமையாளருக்கு வீடும் அதை அடுத்த காலி நிலமும் சொந்தமாக இருக்கின்றன. வீட்டின் ஜன்னல்கள் அந்த நிலத்தைப் பார்த்திருக்கின்றன. அவர் வீட்டை ஒருவருக்கும் நிலத்தை இன்னொருவருக்கும் ஒரே நேரத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விற்பனையின்போது அனுபவித்தது போலவே தொடர்ந்து அனுபவிக்க அந்த வெளிச்சம் தேவை என்றால், வீட்டை வாங்கியவருக்கு அந்த வெளிச்சம் உண்டு, நிலத்தை வாங்கியவர் அதை மறைத்துக் கட்ட முடியாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. பெரிய மனையைப் பிரித்து விற்கும்போது இது பலருடைய கவனத்துக்கு வருவதே இல்லை.

மூன்றாவது வழிதான் பெரும்பாலான வழக்குகளுக்குக் காரணமான வழி: காலம். இந்தியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையோ காற்றையோ அமைதியாகவும், உரிமை என்ற முறையிலும், இடையூறு இன்றியும் 20 ஆண்டுகள் அனுபவித்து வந்தால் அது முழுமையான உரிமையாகிறது. பக்கத்து நிலம் அரசுக்குச் சொந்தமானது என்றால் 30 ஆண்டுகள் வேண்டும். இந்த 20 ஆண்டுகள் எப்போதோ ஒரு காலத்தில் கழிந்தவையாக இருந்தால் போதாது. வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிவதாக இருக்க வேண்டும். அதாவது தாத்தா காலத்தில் அனுபவித்துவிட்டு இடையில் விட்டுப்போன வெளிச்சத்தை இன்று கேட்க முடியாது. பக்கத்துக்காரருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் அனுபவித்த வெளிச்சமும் இந்தக் கணக்கில் சேராது. நிலத்துக்காரர் பெரிய மனதுடன், 'நான் கட்டும் வரை ஜன்னல் இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்து, வீட்டுக்காரரும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால், எத்தனை ஆண்டு கழிந்தாலும் அந்த ஜன்னலுக்கு உரிமை முளைக்காது. வீடு வாங்குகிறவர்கள் பழைய பத்திரங்களில் இப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

20 ஆண்டுகள் நிறைவதற்கு முன்பு நிலைமை என்ன? அதுவரை அந்த ஜன்னலுக்கு எந்தக் காப்பும் இல்லை. நீங்கள் உங்கள் சுவரில் புதிதாக ஜன்னல் திறப்பதைப் பக்கத்துக்காரர் தடுக்க முடியாது. அவர் தன் நிலத்தில் சுவர் எழுப்பி அதை மறைப்பதை நீங்களும் தடுக்க முடியாது. சுவர் எழும்பிவிட்டால் கணக்கு உடனே அறுந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. தடை ஏற்பட்டது தெரிந்த பிறகும் ஓராண்டு அதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தால்தான் சட்டத்தின் பார்வையில் அது இடையூறு ஆகும்.

இந்த ஓராண்டு விதி இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான பழக்கத்தை உண்டாக்கியது. இப்போதைக்குக் கட்டடம் கட்டும் எண்ணம் இல்லாத நிலத்துக்காரர்கள், எதிர் ஜன்னல் உரிமை பெற்றுவிடாமல் தடுப்பதற்காகவே, கம்பங்களை நட்டுப் பலகைத் தட்டிகளை உயரமாக நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தரைமட்டமான இடங்கள் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தபோது இது பெரும் சிக்கலானது. முன்பு கட்டடம் மறைத்திருந்த ஜன்னல்களுக்கெல்லாம் திடீரென்று வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் போனால் அவை உரிமை பெற்றுவிடும். நகரத்தைத் திரும்பக் கட்டவே முடியாது. இதற்காக 1959-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி உண்மையான தட்டி வேண்டியதில்லை. இன்ன இடத்தில் இன்ன உயரத்துக்கு ஒரு தடுப்பு இருப்பதாகக் கருத வேண்டும் என்று பதிவேட்டில் பதிவு செய்தாலே போதும். காகிதத்தில் நிற்கும் அந்தச் சுவரை ஜன்னல்காரர் ஓராண்டுக்குள் எதிர்க்காவிட்டால் அவருடைய கணக்கு அறுந்துவிடும்.

எதற்கெல்லாம் இந்த உரிமை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த வெளிக்கு இல்லை. தோட்டம், முற்றம், துணி உலர்த்தும் இடம் ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு வெயில் விழுந்திருந்தாலும் கால அனுபவத்தால் உரிமை வராது. காட்சிக்கும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது, இப்போது சுவர் தெரிகிறது என்பது உண்மையான இழப்புதான். ஆனால் காட்சி மகிழ்ச்சிக்குரியது, வெளிச்சம் தேவைக்குரியது என்று 1610-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றம் பிரித்துவிட்டது, அந்தக் கோடு இன்றும் நிற்கிறது. நேரடி வெயிலும் வானத்தின் வெளிச்சமும் ஒன்றல்ல என்பதும் முக்கியமானது. வழக்கமான வீட்டு ஜன்னலுக்குச் சட்டம் காப்பது பொதுவான பகல் வெளிச்சத்தைத்தான். செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் ஒன்றின் வழக்கு இதற்கு ஒரு விதிவிலக்கு. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒருவர் தன் பக்கத்துக்காரரின் கண்ணாடிக் குடிலுக்கு எதிரே வேலி அடைத்து மறைத்தார். அந்தக் குடில் நீண்டகாலமாக எதற்குப் பயன்பட்டது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்ததால், செடி வளரத் தேவையான கூடுதல் வெளிச்சத்துக்கும் உரிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இனி அளவுக்கு வருவோம். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான். 'முன்பு நூறு பங்கு வந்தது, இப்போது ஐம்பதுதான் வருகிறது, எனவே என் உரிமை மீறப்பட்டது' என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1904-இல், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் மேலவை அளித்த தீர்ப்பு இதில் அடிக்கல் போன்றது. எவ்வளவு போயிற்று என்பதை விட, மீதம் எவ்வளவு இருக்கிறது, சாதாரண மனிதர்களின் எண்ணப்படி வசதியாக வாழவோ தொழில் செய்யவோ அது போதுமா என்பதே கேள்வி என்று அது கூறியது. இந்தியச் சட்டத்தில் இது இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. காலத்தால் வந்த உரிமையின் அளவு, அந்தக் காலம் முழுவதும் அந்தத் திறப்பின் வழியே வழக்கமாக வந்த வெளிச்சத்தின் அளவே என்கிறது 28-ஆம் பிரிவு. ஆனால் வழக்குத் தொடுக்க வேண்டுமானால் கணிசமான பாதிப்பு வேண்டும் என்கிறது 33-ஆம் பிரிவு. வெளிச்சத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் குடியிருப்பவரின் உடல் வசதியைப் பெரிதும் கெடுப்பதாகவோ, வழக்கமான தொழிலை முன்போல் பயனுள்ளதாக நடத்தவிடாமல் செய்வதாகவோ இருக்க வேண்டும். முதல் பிரிவை மட்டும் படித்துவிட்டு நீதிமன்றம் போகிறவர்கள் இரண்டாவதில் தோற்றுப்போகிறார்கள்.

போதுமானது என்பதை எப்படி அளப்பது? 1920-களில் பெர்சி வால்ட்ரம் என்ற அளவையாளர் வகுத்த முறையை இங்கிலாந்து நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் உயரத்தில், வானத்தின் மொத்த வெளிச்சத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்காவது, அதாவது 0.2 சதவீதம், கிடைக்கும் இடம் போதிய வெளிச்சம் உள்ள இடம். அந்த அளவுக்குக் கீழே மனிதர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள் என்பதால் அந்த எல்லைக்கு முணுமுணுப்புக் கோடு என்றே பெயர் வந்துவிட்டது. அறையின் பரப்பில் ஏறக்குறைய பாதிக்கு இந்த வெளிச்சம் இருந்தால் பொதுவாகப் போதும் என்று கொள்வார்கள். இது நடைமுறை வழிகாட்டிதான், மாற்ற முடியாத சட்டம் அல்ல. இன்றைய கண்ணுக்கு இது மிகக் குறைந்த அளவு என்ற விமர்சனமும் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

இதன் அடிப்படையை எந்தக் கருவியும் இல்லாமல் உங்கள் அறையிலேயே பார்க்கலாம். ஜன்னலருகே, கண் மேசை மட்டத்தில் இருக்கும்படி குனிந்து நின்று, வெளியே வானத்தின் ஒரு துண்டு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அப்படியே பின்னோக்கி நகருங்கள். ஓர் இடத்தில் எதிர்ச் சுவரின் விளிம்பு ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டு, வானம் முழுவதும் மறைந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள பகுதிக்கு நேரடி வான வெளிச்சம் கிடையாது. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரம், எதிர்ச் சுவர் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, இரு தரைகளும் ஒரே மட்டம் என்று கொள்வோம். எதிர்ச் சுவர் 3.5 மீட்டர் உயரமாக இருக்கும்போது அறைக்குள் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை வானம் தெரியும். அதுவே 7 மீட்டராக உயர்ந்தால் அந்த எல்லை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்துவிடும். ஒரு மாடி கூடினால் அறையின் பெரும்பகுதி வானத்தை இழந்துவிடுகிறது. இழப்பு சீராகக் கூடுவதில்லை, குறிப்பிட்ட உயரம் தாண்டியதும் சட்டென்று விழுகிறது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும்.

உரிமை மீறப்பட்டால் நீதிமன்றம் இரண்டில் ஒன்றைத் தரலாம்: கட்டாதே, அல்லது கட்டியதை இடி என்ற உறுத்துக்கட்டளை, இல்லையென்றால் பண இழப்பீடு. 2010-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஏற்கெனவே கட்டி முடித்து ஆட்கள் குடியேறத் தொடங்கியிருந்த அலுவலகக் கட்டடத்தின் மேல்தளங்களில் ஒரு பகுதியை அகற்றும்படி நீதிபதி உத்தரவிட்டார். எதிர்ப்பு இருப்பது தெரிந்தே கட்டுநர் தொடர்ந்து கட்டினார் என்பது அதில் பெரிய காரணம். 2014-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறொரு தொல்லை வழக்கில், இழப்பீடு போதுமா என்பதை இன்னும் நெகிழ்வாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னதால், இடிக்கச் சொல்லும் உத்தரவு இனி தானாகக் கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது. எந்த நாட்டிலும் பொதுவாகப் பொருந்துவது ஒன்று: அஸ்திவாரம் போடும்போதே எழுத்தில் ஆட்சேபம் சொன்னவருக்கும், கூரை போட்ட பிறகு வந்தவருக்கும் நீதிமன்றத்தில் ஒரே வரவேற்பு இருக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். 'உள்ளாட்சியிடம் கட்டட அனுமதி வாங்கிவிட்டேன், நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது' என்று பக்கத்துக்காரர் சொல்லலாம். அனுமதி என்பது கட்டுபவருக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம். பாத்தியம் என்பது இரண்டு சொத்துகளுக்கு இடையிலான விஷயம். பக்க இடைவெளி விட்டு, விதிகளின்படி முறையாக அனுமதி பெற்றுக் கட்டிய கட்டடமும் ஒரு ஜன்னலின் உரிமையை மீறக்கூடும். அதேபோல, விதிமீறிக் கட்டினார் என்பதாலேயே உங்கள் ஜன்னலுக்கு உரிமை வந்துவிடாது. இரண்டையும் தனித்தனியாகவே அணுக வேண்டும்.

எல்லா நாடுகளும் இந்த வழியில் போகவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நீதிமன்றம் 1838-லேயே, வளர்ந்துவரும் ஊர்களுக்கு இது பொருந்தாது என்று கால அனுபவத்தால் வரும் வெளிச்ச உரிமையை மறுத்துவிட்டது. 1959-இல் மயாமி கடற்கரையில் ஃபான்டன்புளூ ஹோட்டல் 14 மாடிக் கட்டடம் எழுப்பியபோது, குளிர்காலப் பிற்பகல்களில் அதன் நிழல் பக்கத்து ஈடன் ராக் ஹோட்டலின் நீச்சல் குளத்தின் மேல் விழுந்தது. புளோரிடா நீதிமன்றம் அதைத் தடுக்க மறுத்தது. அங்கே வெளிச்சத்தைக் காக்கும் வேலையைப் பெரும்பாலும் நகர விதிகள் ஏற்றுக்கொண்டன. 1915-இல் நியூயார்க்கில் ஒரே செங்குத்தாக எழுந்த ஈக்விட்டபிள் கட்டடத்தின் நிழல் கிளப்பிய கோபத்தின் பின்னணியில்தான், உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்ற 1916-ஆம் ஆண்டு விதி வந்தது. ஜப்பானில் உச்ச நீதிமன்றம் 1972-இல் வெயிலையும் காற்றோட்டத்தையும் சட்டம் காக்கத்தக்க நலன்களாக ஏற்றது. 1976-இல் கட்டடச் சட்டமே திருத்தப்பட்டு, ஆண்டின் மிகக் குறுகிய பகலான குளிர்கால நாளில் ஒரு கட்டடம் சுற்றுப்புறத்தின் மேல் எத்தனை மணி நேரம் நிழல் போடலாம் என்ற வரம்பு வந்தது. 20 ஆண்டு காத்திருக்க வேண்டிய ஏற்பாட்டை விட இது நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மனை வாங்குகிறவர் தான் எவ்வளவு கட்டலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

பெற்ற உரிமையை இழப்பதும் எளிது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அதை இனித் திறப்பதில்லை என்பது போல் நடந்துகொண்டால் உரிமை போய்விடக்கூடும். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது ஜன்னலை வேறு இடத்துக்கு மாற்றினால், பழைய ஜன்னலின் 20 ஆண்டுகளைப் புதியது அப்படியே சுமந்து வராது. இரு சொத்துகளும் ஒருவர் கைக்கே முழுமையாக வந்துவிட்டாலும் பாத்தியம் முடிந்துவிடும், தன் நிலத்தின் மேல் தனக்கே ஒருவர் பாரம் வைக்க முடியாது என்பதால்.

உரிமை உண்டு என்று நிரூபிக்க வேண்டியவர் ஜன்னலின் சொந்தக்காரர். ஆகையால் ஜன்னல் எப்போது வந்தது என்று காட்டும் பழைய அனுமதி வரைபடம், நாள் தெரிகிற வீட்டுப் புகைப்படங்கள், ஜன்னலின் அகல உயர அளவுகள் ஆகியவற்றைப் பத்திரத்துடன் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு குடும்ப விழாவின் புகைப்படத்தில் பின்னணியில் தெரியும் ஜன்னல்கூடச் சான்றாக உதவலாம். காலி மனை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இதன் மறுபக்கம்: எல்லையில் தன்னைப் பார்த்திருக்கும் ஜன்னல்கள் எவை, அவை எப்போது வந்தவை என்று குறித்துக்கொண்டு, கணக்கு நிறைவதற்கு முன்பே பக்கத்துக்காரருடன் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. ஜன்னல் இருக்கலாம், நான் இன்ன உயரம் வரை, எல்லையிலிருந்து இன்ன தூரம் தள்ளிக் கட்டுவேன் என்று அளவுகளுடன் ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிட்டால், அடுத்து அந்தச் சொத்துகளை வாங்குகிறவர்களும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவார்கள்.